பெட்டிக்குள்ள போன கிதார்

சனி, 2-7-2005

வெளியே கால் வைக்க முடியலை. ஹோட்டல் கதவைத் திறந்ததும் என் மூக்குக்கண்ணாடியில ஆவி படிஞ்சு ரோடே தெரியலை. மஸ்கட்ல இந்த ரூவி முழுக்க ஈரத்துணியைப் போட்டு மூடியாச்சு. வாங்க வேண்டியது: முதல் கம்பி ரெண்டு, கிதாருக்குச் சதுர பேட்டரி, போன் கார்டு, சோப்பு. வாங்குனது: சோப்பு.

ஜோதி அண்ணாச்சி (இனி ஜோ.அ.) துபாய் போய்ட்டு வந்தாச்சு. எனக்குன்னு ஒரு பெட்டி. டிபன் பாக்ஸை விடக் கொஞ்சம் பெருசு, சாம்பல் கலர். உலகத்துல உள்ள ஆம்ப்ளிஃபயர் பூராவும் இதுக்குள்ள இருக்காம், குமிழைத் திருகுனா ஒண்ணொண்ணா வருமாம். கிதார் ஒயரை இதுல சொருகணும், இதுல இருந்து நேரா சவுண்டு மிக்சருக்குப் போயிரும். என் பழைய ஆம்ப் ஸ்டோர் ரூமுக்குப் போயாச்சு, அது மேல உடைஞ்ச நாற்காலி அடுக்கியாச்சு. முன் டேபிள்காரங்க பேசிக்க முடியலைன்னு மேனேஜர் குறைபட்டாராம். திங்க வந்தவனுக்கு என்ன பேச்சு.

என்னை ஒரு வார்த்தை கேக்கலை. கேக்கணும்னு என்ன இருக்கு. பேண்டு அவருது, பாடுறது அவரு, கீபோர்டு அவரு, எங்க பாஸ்போர்ட் இருக்கிற லாக்கர் சாவியும் அவரு இடுப்புல.

திங்கள், 4-7

பெட்டி பல்லைக் காட்டிருச்சு. மெதுவா வாசிச்சா தேன். கொஞ்சம் அழுத்தி அடிச்சா ஸ்பீக்கர்ல கரகரன்னு, பக்கத்துல ஒருத்தன் முறுக்கு கடிக்கிற மாதிரி. ஜோ.அ. மிக்சர்ல சவுண்டைக் குறைச்சாரு. இப்போ சின்னதாக் கரகர. நான் பெட்டியில வால்யூமைக் குறைச்சேன். அதுக்கும் சின்னதாக் கரகர.

பழைய ஆம்ப்புன்னா ஏத்த ஏத்த உறுமும். அந்த உறுமலுக்காகத்தான் ஏத்துறதே. இது உறுமத் தெரியாத ஜென்மம். ஒரு அளவு வரைக்கும் பொறுக்கும், அதுக்கு மேல போனா வெட்டிரும். வெட்டுன இடம்தான் கரகர. முன்னால ஒரு பொட்டு விளக்கு வச்சிருக்கான், பச்சைன்னா சரி, சிவப்புன்னா உள்ள வர்ற சவுண்டு கூடிப் போச்சுன்னு அர்த்தம். நான் கையை ஓங்குனாலே சிவப்பு.

மெஸ்ல பருப்பு. நேத்தும் பருப்பு.

கார்டு வாங்கி ஊருக்கு அடிச்சேன், கலா பேசுனா. பிரசவம் மாசக் கடைசின்னு டாக்டரம்மா சொல்லிருக்காளாம். கால் வீக்கம். நான் பெட்டியைப் பத்திச் சொன்னேன், அவ ம்ம் கொட்டுனா. லீவு கேட்டீங்களான்னு அவளும் கேக்கலை, கேக்கலைன்னு நானும் சொல்லலை. கார்டு தீர்ந்தது ரெண்டு பேருக்குமே நல்லதாப் போச்சு.

புதன், 6-7

கண்டுபிடிச்சுட்டேன்!

தப்பு பெட்டியில இல்லை, என் கிதார்ல. பேட்டரி போட்ட கிதார், அதுல இருந்து வர்றதே பெரும் சவுண்டு. பெட்டி வாசல்லயே தலை இடிச்சிருது. நிலை தாழ்வு, ஆள் உசரம். இடிச்சுட்டு உள்ள போனப்புறம் குனிஞ்சு என்ன பிரயோசனம்? அதுக்குத்தான் மிக்சர்ல குறைச்சும் அடங்கலை. வாசல்லயே குறைக்கணும். பின்னாடி குட்டியா ஒரு சுவிட்சு இருக்கு, உள்ள வர்ற சவுண்டைத் தணிக்க. அதைத் தட்டுனேன், கிதார் குமிழையும் ஒரு சுண்டு குறைச்சேன். எவ்வளவு அழுத்துனாலும் பச்சை. ரொம்பக் குறைச்சா இரைச்சல் மேல வருது, அதனால சிவப்புக்கு ஒரு நூல் கீழ நிக்கணும்.

ரூம்ல தயாகிட்ட ஹெட்போன் மாட்டிக் காட்டுனேன். யாழ்ப்பாணத்துக்காரன், கீழே லாண்டரியில வேலை, எங்க அஞ்சு பேர் கோட்டையும் தினம் இஸ்திரி போடுறது அவன்தான். ரெண்டையும் கேட்டுட்டு வித்தியாசம் விளங்கேல்லை அண்ணைன்னான். அடப்பாவி. மூணு நாள் தூங்காம கிடந்தேன்.

வெள்ளி, 8-7

மத்தியான பஃபே. குடும்பக் கூட்டம். எகிப்துக்கார மேனேஜர் வழக்கம்போல மேடைக்கு முன்னால வந்து விரலை நீட்டி எண்ணுனாரு, அஞ்சு, குட், போயிட்டாரு. பட்டியில ஆடு எண்ணுற மாதிரிதான். அஞ்சு பேர் பேண்டுன்னு காண்ட்ராக்ட். சோலமனுக்குக் காய்ச்சல் வந்த அன்னைக்குக் கூட டிரம்ஸுக்குப் பின்னால சால்வையைப் போர்த்தி உக்கார வச்சோம்.

சாப்பாட்டுக்கு அப்புறம் லீவு கேட்டேன். கேட்டே விட்டேன். ஜோ.அ. பல் குத்திக்கிட்டே கேட்டாரு. கிதார் இல்லாம எப்படிடே ஓட்டுவேன், பதிலுக்கு ஆள் குடுத்துட்டுப் போன்னாரு. ஆளுக்கு நான் எங்க போக. அல் ஐன்ல ஒருத்தன் இருந்தான், அவனும் விசா கேன்சலாகி ஊருக்குப் போயிட்டான்.

போன தடவை நான் கேக்கவே இல்லை. புதுசா வந்து சேந்த நேரம், வாய் வரலை. பிள்ளை வயித்துலயே போயிருச்சுன்னு போன்ல சொன்னாங்க. அன்னைக்கு ரெண்டு பிறந்தநாள் பார்ட்டி, வாசிச்சேன். கேக் குடுத்தாங்க, தின்னேன்.

சாயங்காலம் ஜோ.அ.வே ரூம் வாசல்ல வந்து நின்னாரு. முகத்துல வெளிச்சம்.

"முருகேசா, ஒண்ணு செய்யி. அந்தப் பெட்டியில இருந்து நேரா என் லேப்டாப்புல எல்லாப் பாட்டுக்கும் உன் கிதாரை வாசிச்சுப் போட்டுரு. நான் ஓட்டிக்கிடுதேன். நீ போய்ப் பிள்ளையைப் பாத்துட்டு வா."

காலைத் தொட்டுக் கும்பிடலாம்னு வந்துச்சு. மனுஷன் மனுஷன்தான்யா.

ஞாயிறு, 10-7

ரெக்கார்டிங். ஹால் காலியா இருக்கிற நேரம், மத்தியானத்துக்கும் சாயங்காலத்துக்கும் நடுவுல. நாற்காலி எல்லாம் மேசை மேல தலைகீழா. தொந்தரவு: தரை துடைக்கிற மெஷின், ஐஸ் மெஷின், கிச்சன்ல ஒருத்தன் இந்திப் பாட்டு. ஏசியை நிறுத்தச் சொன்னேன், வியர்வை கிதார் மேல சொட்டுது.

முறை: முதல்ல பாட்டுலயே பலமா அடிக்கிற இடத்தை அடிச்சுப் பாக்கணும். சிவப்பு வருதா? குறை. பச்சையா? அப்புறம் லேப்டாப்புல ஏறுற கோட்டைப் பாக்கணும், அது உச்சியைத் தொடக் கூடாது. ஒரு தடவை வெட்டுப்பட்டது பட்டதுதான், அப்புறம் சவுண்டைக் குறைச்சு ஒட்ட வைக்க முடியாது. மறுபடி வாசிக்கணும். வாசிச்சேன். வாழ்க்கையில இவ்வளவு சுத்தமா வாசிச்சதில்லை. ஜோ.அ. ஹெட்போனை மாட்டிட்டு, நீ பக்கத்துல நிக்க மாதிரில்லா இருக்குன்னாரு.

கலாகிட்ட லீவு உறுதின்னு சொல்லிட்டேன். அழுதா. இது நல்ல அழுகை.

செவ்வாய், 12-7

நாசமாப் போச்சு.

ஸ்டோர் ரூம்ல ஒயர் எடுக்கப் போனேன். பக்கத்து மாடிப்படியில ஜோ.அ. போன்ல. யாருகிட்டன்னு தெரியலை. அடுத்த காண்ட்ராக்டை நாலு பேருக்குப் போட்டுருவோம், கிதாரு லேப்டாப்புல இருக்கு, அது லீவு கேக்காது, காய்ச்சல் வராதுன்னு சொல்லிச் சிரிச்சாரு.

நான் என் ஆம்ப் மேல இருந்த உடைஞ்ச நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மனுஷன் மனுஷன்தான்னு எழுதி வச்சிருக்கேன் மேல, அடிக்கலாம்னு பேனாவை எடுத்தேன். இருக்கட்டும்.

பாதிப் பாட்டுதான் முடிஞ்சிருக்கு. மீதிக்கு வேற வழி பண்ணுனேன். பின்னாடி இருக்கிற அந்தக் குட்டி சுவிட்சைத் திரும்பப் பழைய பக்கம் தட்டி விட்டேன். கிதார் குமிழை முழுசாத் திறந்தேன். வேணும்னே அழுத்தி வாசிச்சேன். விளக்கு சிவந்தது சிவந்தபடி. எல்லாப் பாட்டுலயும் நல்ல இடம் பாத்துக் கரகர. ஒழுங்கா வேணும்னா நான் வேணும்ல? திரும்பி வரவழைக்கட்டும்.

நம்ம வாசிப்பை நாமளே கெடுக்கிறது சோத்துல மண்ணள்ளிப் போடுறதுதான்.

புதன், 13-7

கண்டுபிடிச்சுட்டாரு. மந்தக் காதுன்னு நினைச்சிருந்தேன், ஹெட்போன்ல மனுஷனுக்கு நல்லாவே கேக்குது. இதை வச்சு நான் என்னடே செய்ய, கரகரங்குது, கஸ்டமர் ஸ்பீக்கர் கிழிஞ்சிருச்சும்பான்னாரு. பெட்டி கோளாறுன்னேன். அப்போ பெட்டி சரியாகுத வரைக்கும் லீவு இல்லை, கலாஸ், பேச்சு முடிஞ்சுதுன்னு போயிட்டாரு.

ஆக, சுத்தமா வாசிச்சா வேலை போச்சு. அசுத்தமா வாசிச்சா லீவு போச்சு. நடுவுல நிக்க இடமில்லை. எலிப்பொறிக்குக்கூட ஒரு பக்கம் திறப்பு உண்டு.

இந்த ரூமுக்கு ஜன்னல் கிடையாது. ரூம், மெஸ், ஹால், திரும்ப ரூம். பகல்ல சூரியனைப் பாத்து எத்தனை நாளாச்சுன்னு தெரியலை. இன்னைக்கு அடைப்பு தாங்காம வெளியே போனேன், பஸ் ஸ்டாண்டு வரைக்கும். கண்ணாடி மங்கிப் போச்சு, துடைச்சு, துடைச்சு, திரும்பி வந்துட்டேன்.

பூத்துல இருந்து கலாவுக்கு அடிச்சேன். லீவு கொஞ்சம் சந்தேகம்னு இழுத்தேன். கார்டு தீர்ந்துருச்சான்னு பாத்தேன், தீரலை.

"போன தடவை பரவால்லைன்னு சொன்னேன்லா? இந்தத் தடவை சொல்ல மாட்டேன்" அப்படின்னா. அவ்வளவுதான். வச்சிட்டா.

வியாழன், 14-7

சுவிட்சைத் திரும்பத் தட்டுனேன். பச்சை. கெடுத்த பாட்டு எல்லாத்தையும் முதல்ல இருந்து வாசிச்சுக் குடுத்துட்டேன். போனாப் போகுது வேலை. இந்த பேண்டு இல்லைன்னா ராஸ் அல் கைமா சிமெண்ட் கம்பெனியில மூட்டை. அதுவும் இல்லைன்னா ஊர்ல கல்யாண வீட்டுக் கச்சேரி.

நல்லா வந்திருக்கு. அதைச் சொல்லாம இருக்க முடியலை. ஒரு மெலடிப் பாட்டுல நடுவுல வர்ற தனி வாசிப்பு, நேர்ல ஒரு நாளும் எனக்கு அப்படி அமைஞ்சதில்லை.

வெள்ளி, 15-7

வெள்ளோட்டம். பஃபே. லேப்டாப் கிதாரை ஓட்டுது, தாளம் விலகாம இருக்க சோலமன் காதுல டிக் டிக், அதைக் கேட்டு மத்தவங்க. நான் கிச்சன் கதவுப் பக்கம் நின்னு கேட்டேன். என் கிதாரை நான் தூரத்துல நின்னு கேக்கிறது இதுதான் முதல் தடவை. நல்லா வாசிக்கிறான் பயல்.

எகிப்துக்காரர் வந்தாரு. விரலை நீட்டுனாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. திரும்ப முதல்ல இருந்து. நாலு. பாட்டு முடியிற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. ஜோ.அ. லேப்டாப்பைக் காட்டி, கிதார் கேக்குது பாருங்க சார்ங்கிறாரு. அவருக்குக் கேக்கிறது பிரச்சினை இல்லை, எண்ணிக்கைதான் பிரச்சினை. காண்ட்ராக்ட்ல அஞ்சு, போஸ்டர்ல அஞ்சு, மேடையில நாலு. அடுத்த காண்ட்ராக்டும் அஞ்சுன்னுதானாம், நாலு பேச்சே இல்லைன்னுட்டாரு.

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஜோ.அ. போட்ட கணக்கு அவரு தலையிலயே விழுந்துச்சு. சிரிப்பு ரொம்ப நேரம் நிக்கலை. நேரா என்கிட்ட வந்தாரு. ஓடிப் போய்க் கோட்டைப் போட்டுட்டு வா, கிதாரை மாட்டிட்டு நில்லுன்னாரு. ஒயரைச் சொருகப் போனேன், வேண்டாம்னு கையைத் தட்டி விட்டாரு. ரெக்கார்டிங்கே சுத்தமா இருக்கு, நீ சும்மா கையை ஆட்டு.

லீவு? மாஃபி, கிடையாது. பாத்தேல்லா, அஞ்சு பேர் நிக்கணும்.

சனி, 16-7

நின்னேன். கையை ஆட்டுனேன். கீழே பெட்டி கிடக்கு, அதுல ஒயரும் இல்லை, விளக்கும் இல்லை. பச்சையுமில்லை சிவப்புமில்லை.

கோபம்னு சொன்னா பத்தாது. அவமானமா இருக்கு. என் கையால வாசிச்சது என் தலைக்கு மேல ஸ்பீக்கர்ல போகுது, நான் கீழே துணிக்கடை பொம்மையாட்டம் நிக்கேன். வாசிக்கவும் வேண்டாம், போகவும் கூடாது. ஒரு இடத்துல தப்பாப் பிடிச்சேன், வேணும்னேதான். யாரும் பாக்கலை.

ஞாயிறு, 17-7

தயாகிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவன் கட்டில்ல உக்காந்து நகம் வெட்டிக்கிட்டே கேட்டான். அவன் ஊருக்குப் போய் எத்தனையோ வருஷம், போறதைப் பத்திப் பேசுறதே இல்லை. முடிச்சதும் நகத்துண்டுகளைக் காகிதத்துல கூட்டி மடிச்சான்.

"அண்ணை, சும்மா நிக்கத்தானே ஆள் வேணும்? நான் நிக்கிறன்" அப்படின்னான்.

உனக்குக் கிதாரைப் பிடிக்கக்கூடத் தெரியாதேடான்னேன். உங்களுக்கும் நேற்று வேலை இல்லைத்தானேன்னான். மேனேஜர் முகத்தைப் பாத்துக் கண்டுபிடிச்சிருவாரேன்னேன். அதுக்குச் சிரிச்சான். இத்தனை வருஷமா இதே ஹோட்டல்ல அவரு கோட்டையும் இவன்தான் இஸ்திரி போடுறான், ஒரு தடவைகூட அவரு இவனைப் பாத்ததில்லையாம்.

அவன் சொன்னது சரிதான். அதுதான் சுட்டது. என் இடத்துல நிக்க ரெண்டு காலும் ஒரு கோட்டும் போதும்னு ஒருத்தன் சொல்லி, அது சரியாவும் இருந்து, அதுல எனக்கு சந்தோஷமும் வருதுன்னா நான் எந்தக் கதிக்கு வந்திருக்கேன்.

செவ்வாய், 19-7

ஜோ.அ. ஒத்துக்கிட்டாரு. ரொம்ப யோசிக்கக்கூட இல்லை. லாண்டரி சூப்பர்வைசர் சேட்டனும் சரின்னாரு, டூட்டி மாத்திப் போட்டுட்டாரு.

தயாவுக்குப் பாடம்: இடது கை பாட்டு மாறுறப்போ மாறணும், எங்க வேணா மாறட்டும். வலது கை சோலமனைப் பாத்து. தனி வாசிப்பு வந்தா கண்ணை மூடிக்கோ, விரலை யாரும் பாக்க மாட்டாங்க, முகத்தைத்தான் பாப்பாங்க. கண்ணை மூடுனா எனக்கு நித்திரை வரும் அண்ணைங்கிறான். கோட்டு தோள்ல கொஞ்சம் பெருசு. அவனே உள்ள மடிச்சுத் தைச்சுக்கிட்டான்.

அவன் கையில கிதார் இருந்தாகணும். வேற கிதார் கிடையாது. இது நான் அம்மாவோட வளையலை வித்து வாங்குனது. சரின்னுட்டேன்.

பாஸ்போர்ட் கையில. போட்டோவுல இருக்கிறவனுக்கு முடி ஜாஸ்தி. டிக்கெட் போறதுக்கு மட்டும்தான். வர்றதுக்குன்னு கேட்டேன். முதல்ல போய்ப் பிள்ளையைப் பாருடே, மத்ததைப் பொறவு பாப்போம்னு தோள்ல தட்டுனாரு. அவரு முகத்தை நான் பாக்கலை, அவரும் என்னைப் பாக்கலை.

வாங்குனது: பால் பவுடர், பிள்ளை சோப்பு, பவுடர், துணி நாப்கின், கொசுவலைக் குடை, தைலம். பை கொள்ளலை. கிதார் கேஸ் காலியாத்தானே கிடக்கு, அதுல போடுங்கோன்னான் தயா. போட்டேன். அளவெடுத்த மாதிரி அடங்கிருச்சு.

வெள்ளி, 22-7. ஏர்போர்ட்

டாக்ஸி வர்ற வரைக்கும் கிச்சன் கதவுப் பக்கம் நின்னேன். பஃபே கூட்டம். மேனேஜர் வந்து எண்ணுனாரு. அஞ்சு. குட்.

தயா நல்லா நின்னான். என்னை விட நல்லா நின்னான், நான் கொஞ்சம் கூன். மெலடிப் பாட்டு வந்துச்சு. தனி வாசிப்புக்குக் கண்ணை மூடுனான். முடிஞ்சப்புறமும் ரொம்ப நேரம் திறக்கலை, தூங்கிட்டானோன்னு பயந்துட்டேன். முன் டேபிள்ல பேசிக்கிட்டு இருந்தவங்க பேச்சை நிறுத்திட்டுக் கை தட்டுனாங்க. ஒரு பெரிய மனுஷன் எந்திரிச்சுப் போய் அவன் கையைப் பிடிச்சுக் குலுக்குனாரு. தயா என்னைத் தேடுனான், கண்டுபிடிச்சான். அவன் கண்ணு கலங்கியிருந்துச்சு. நானும் கை தட்டுனேன். வேற என்ன செய்ய.

அவன்கிட்டச் சொல்லிட்டு வர முடியலை, அடுத்த பாட்டு ஆரம்பிச்சிருச்சு. கிதார் அவன் கழுத்துல.

ஏர்போர்ட் பூத்துல இருந்து வீட்டுக்குப் போன். கலா எடுக்கலை, அத்தை எடுத்தாங்க. விடியக்காலமே வலி கண்டு ஆஸ்பத்திரியில சேத்தாச்சாம், வீட்டுக்குத் துணி எடுக்க வந்தாங்களாம். நான் வர்ற வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லுங்க அத்தைன்னேன். அதெல்லாம் நம்ம கையிலயா இருக்கு மாப்ளேன்னாங்க. கிளம்பிட்டேன்னு அவகிட்டச் சொல்லுங்கன்னேன். சொல்லுதேன்னாங்க. ரெண்டு தடவை சொல்ல வச்சேன்.

கவுண்டர்ல கேஸைத் தூக்கிப் பாத்துட்டு, கிதாரான்னு கேட்டான். மலையாளி.

மாஃபி கிதார்னேன். பிள்ளை சாமான்.

சிரிச்சுட்டுச் சீட்டு ஒட்டுனான். திருவனந்தபுரம் கூப்பிடுறாங்க.